வலி விட்ட பிறகு ஒரு மணி நேரம்

இதய வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அட்டெண்டர் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். முதலில் கேட்ட ஆள் வேறு. அவர் வர முடியாது என்று சொன்ன பிறகுதான் என் ஞாபகம் வந்திருக்கிறது. பரவாயில்லை, வாழ்க்கை முழுக்க நான் இரண்டாவது ஆள்தான். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, மூன்றாம் வருஷம் வாத்தியாரே கும்பிட்டு வெளியே அனுப்பிவைத்தவன் நான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் வாயில் வருவதில் பாதியை எழுத மாட்டேன் என்கிறாள். மீதிப் பாதி இது.

ஸ்ட்ரெச்சர் எப்படித் தள்ளுவது, சிலிண்டர் எப்படி மாற்றுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கு வந்துவிடும். எனக்கே வந்தது. அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. நம் வேலையில் யாரும் எழுதி வைக்காத ஓர் அதிகாரம் இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்கிறேன். வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் டாக்டர் சொல்வதை எல்லாம் தலையாட்டிக் கேட்பார்கள். அவர் உள்ளே போனதும் நேராக நம்மிடம் வந்து, "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க, எப்படி இருக்காரு?" என்பார்கள். எம்.டி. படித்தவர் சொன்னது அவர்களுக்குப் பொய், பெட்பேன் எடுப்பவன் சொல்வதுதான் உண்மை.

இந்த மரியாதையில் நான் இருபது வருஷம் மிதந்தேன். கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, தீர்ப்பு சொல்வேன். சிரிக்கிற மாதிரி சொல்வேன். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குத் தலை கூரையில் இடிக்கும். காரைக்காலில் அப்போது நான் இருந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், அங்கே என்னை விட்டால் வேறு கோமாளி கிடையாது.

அந்தக் கோமாளி ஒரு ஆளைக் கிட்டத்தட்ட கொன்ற கதை இது.

அன்றைக்கு வந்தவர் நெடுங்காட்டு விவசாயி. வயது அறுபதுக்குக் கொஞ்சம் உள்ளே. காலையில் வயலில் நிற்கும்போதே நெஞ்சைப் பிசைந்து, இடது கையில் இறங்கி, வேர்த்துக் கொட்டியிருக்கிறது. இது வாயு என்று முடிவு செய்தவர் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. கோவில்பத்தில் குடியிருந்துகொண்டு டவுனில் ஏதோ ஆபீசில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் உலகத்து வியாதி எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிற ஜாதி. சோடா குடிக்கவைத்து, பெருங்காயம் கரைத்துக் கொடுத்து, மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு, முதுகைத் தடவிவிட்டு, இரண்டு மணி நேரத்தை அழகாக வீணடித்திருக்கிறார். கடைசியில் அத்தானை பைக்கில் பின்னால் உட்காரவைத்து, விழுந்துவிடக் கூடாதே என்று துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். இறக்கும்போது எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை, "வாயுதான், எதுக்கும் பாத்துடலாம்னு வந்தோம்."

இ.சி.ஜி. எடுத்த டாக்டர் மச்சினனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்ன வயசு டாக்டர், ஆனால் கை சுறுசுறுப்பு. நெஞ்சுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, கட்டியைக் கரைக்க ஊசி போட வேண்டும், பிறகு தஞ்சாவூர் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் சொன்னார். ஊசி ஏறத் தொடங்கியது.

அந்த வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் என்று யாரையாவது காட்டச் சொன்னால் அவரைத்தான் காட்டுவேன். அவர் சொல்லிக்கொடுத்தார். நான் கற்றுக்கொண்டேனா என்று அவரிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"யோவ்," என்றார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஊசி போயிட்டிருக்கு. இனிமேதான் வேலை. ஆளவிட்டு நகராத."

"வலி விட்டுட்டா முடிஞ்சுதுதானே சிஸ்டர்?"

"உங்க வீட்டு ஃபிரிட்ஜ் எப்பய்யா போச்சு?"

இந்தக் கதை ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். ஒரு புயலில் எங்கள் தெருவில் ஒன்பது நாள் கரண்ட் இல்லை. பத்தாம் நாள் கரண்ட் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, எல்லா சுவிட்சையும் போட்டுவைத்து, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து உள்ளே விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். விளக்கு எரிந்தது. பிறகு ஃபிரிட்ஜே எரிந்தது.

"கரண்ட் இல்லாத ஒம்பது நாளும் அது சும்மாதானே நின்னுச்சு?"

"ஆமா சிஸ்டர்."

"வந்தப்பதானே புகைஞ்சுது?"

"ஆமா."

"நெஞ்சும் அப்படித்தான். பட்டினி கெடந்த சதை அது. ரத்தம் இல்லாம கொஞ்சம் சாகும். ரத்தம் திரும்பி வந்து பாயறப்ப, அந்த அதிர்ச்சியில இன்னும் கொஞ்சம் சாகும். வீங்கும். துடிப்பு தாறுமாறா ஓடும். அதுக்காக ரத்தத்தை வராதேன்னு சொல்ல முடியுமா? வரணும். வர்றப்ப நாம பக்கத்துல நிக்கணும். புரியுதா?"

"புரியுது சிஸ்டர். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிட்டு வந்துடட்டுமா?"

படுத்திருந்த விவசாயிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிஸ்டருக்கு வரவில்லை. நான் நோயாளியின் சிரிப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், சிஸ்டர் சொன்னதைத் தரையில் விட்டுவிட்டேன். என் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

அரை மணி நேரம் போயிருக்கும். மானிட்டரில் ஓடும் கோடு திடீரென்று மாறியது. ஒல்லி ஒல்லியாகக் குதித்துக்கொண்டிருந்தது, அகல அகலமாக, குடை விரித்த மாதிரி வர ஆரம்பித்தது. நான் ஷாக் மெஷினை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். வந்த வேகத்தில் சக்கரம் என் கால் கட்டைவிரலிலேயே ஏறியது.

சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தார். "கை வைக்காத."

"சிஸ்டர், கோடு..."

"கோட்டைப் பாக்காத, ஆளப் பாரு." அவர் நோயாளியிடம் குனிந்தார். "அய்யா, எந்த ஊரு நீங்க?"

"நெடுங்காடுங்க."

"இந்த வருஷம் என்ன நடவு?"

அவர் தெளிவாகப் பதில் சொன்னார். பிரஷரும் இறங்கவில்லை. சிஸ்டர் என்னிடம் திரும்பி, "ரத்தம் வழி கண்டுபுடிச்சிடுச்சு. அது உள்ள நுழையறப்ப இப்படித்தான் கொஞ்சம் ஆடும். பேசுறாரு, பிரஷர் இருக்கு, விட்டுடு. ஆனா கண்ணை மட்டும் எடுக்காத" என்றார். இரண்டு நிமிஷத்தில் கோடு தானாகவே பழைய மாதிரி ஆனது. டாக்டரும் வந்து பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்கு சிஸ்டர் காட்டினார். நான் அதிலிருந்து கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? ஆக, ஆட்டம் முடிந்தது. இதைத்தான் கற்றுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் நோயாளி சொன்னார், "தம்பி, வலி விட்டுடுச்சு. நெஞ்சு மேல ஏறி உக்காந்திருந்த ஆளு எறங்கிப் போன மாதிரி இருக்கு. பசிக்குது."

டாக்டர் தஞ்சாவூருக்குப் போன் செய்து படுக்கைக்குச் சொல்லி வைக்க முன் அறைக்குப் போனார். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார், சிஸ்டர் அங்கே ஓட வேண்டியதாயிற்று. போகும்போது, "ஒரு மணி நேரம். கதவைச் சாத்து. ஒருத்தரையும் உள்ள விடாத" என்றார்.

நான் கதவைச் சாத்தத்தான் போனேன். சத்தியமாக. ஆனால் கதவுக்கு வெளியே ஏழெட்டு முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தம்மா, அதாவது அவர் மனைவி, சுவரோரம் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்திருந்தார். இவ்வளவு கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்த நான் என்ன முனிவனா? தலையை நீட்டினேன்.

"கண்டம் தாண்டியாச்சு. கவலைய விடுங்க. இனிமே அவரு உங்களையெல்லாம் தூக்கிப்போட்டுட்டுத்தான் போவாரு."

சிரித்தார்கள். அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மச்சினன் உடனே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, உறவு முழுவதற்கும் ஒலிபரப்ப ஆரம்பித்தார். "அத்தான் நார்மல். கட்டி கரைஞ்சிடுச்சு. நான் கரெக்ட் டயத்துக்குக் கொண்டாந்துட்டேன்ல." இரண்டு மணி நேரம் பெருங்காயம் கரைத்த மனிதர்.

அந்த ஒலிபரப்பு முடிவதற்குள், படியேறி ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, கையில் பழப் பை. கூட்டம் அப்படியே விலகி வழிவிட்டது. நோயாளியின் மகளுக்கு நிச்சயம் முடிந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது, தை மாசத்தில் கல்யாணம். வந்தவர் மாப்பிள்ளையின் அப்பா. திருமலைராயன்பட்டினத்தில் இரும்புக் கடை வைத்திருப்பவர்.

மச்சினன் என்னிடம் ஓடிவந்தார். "அண்ணே, சம்பந்தி வந்திருக்காரு."

"அதுக்கு?"

"நீங்களே சொல்லிட்டீங்க தப்பிச்சாச்சுன்னு. சம்பந்தியப் போயி வெளிய நிக்க வச்சா நல்லாவா இருக்கும்? நாளைக்கு ஒரு பேச்சு வந்துடும்ணே."

உண்மையில் அந்தச் சம்பந்திதான் அங்கே இருந்தவர்களிலேயே அறிவுள்ளவர். "வேண்டாங்க. ஓய்வெடுக்கட்டும். நான் அப்புறமா வந்து பாக்குறேன்" என்றார். கூப்பிட்டது நான்தான். ஒரு சின்னக் கதவுக்கு அதிபதியாக இருப்பவனுக்கு அதைத் திறந்து காட்டாமல் இருக்க முடியாது.

"அட, வாங்கங்க. நான் இருக்கேன்ல. ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் போயிடுங்க."

உங்களுக்கு நம் ஊர் வழக்கம் தெரியும். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியைப் படுத்துக்கொண்டு வரவேற்பானா? காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து துண்டைத் தேடுவான். இது எனக்கும் தெரியும். என் மகள் கல்யாணத்தில் கால் சுளுக்கோடு நாள் முழுக்க நின்றவன் நான். தெரிந்தும், அந்த ஒரு மணி நேரத்துக்குள், சம்பந்தியை நேராகக் கட்டிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

நோயாளி பார்த்தார். ஒரு நொடிதான். கையை ஊன்றி எழுந்து, காலைக் கீழே போட்டு, நின்றேவிட்டார். பச்சை ஆஸ்பத்திரி அங்கியைப் பார்த்துக் கூச்சம் வேறு. கும்பிடக் கையைத் தூக்கினால் மார்பில் ஒட்டியிருந்த ஒயர்கள் இழுத்தன. சட்டைப் பித்தானைக் கழற்றுகிற மாதிரி மூன்றையும் பிய்த்துப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

"வாங்க சம்பந்தி. இந்தக் கோலத்துல உங்களைப் பாக்க வேண்டியதாப் போச்சு."

"அய்யோ, உக்காருங்க சம்பந்தி, உக்காருங்க."

"நீங்க மொதல்ல உக்காருங்க. தம்பி, அந்த ஸ்டூலைப் போடுங்க."

நான் ஸ்டூலைப் போட்டேன். நோயாளியைப் படுக்க வைக்கவில்லை, ஸ்டூலைப் போட்டேன். மானிட்டர் கத்த ஆரம்பித்தது. திரையில் ஒரே நேர்கோடு. நான் பார்க்காமலேயே கையை நீட்டி, மணி படம் போட்ட பட்டனை அமுக்கினேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஒயர் கழன்று அது கத்தும், பத்துத் தடவையும் நான் அமுக்குவேன். விரலுக்குப் பழக்கம்.

"ஒயருதாங்க. கழண்டா இது இப்படித்தான் ஒப்பாரி வைக்கும்" என்றேன். சம்பந்தி மரியாதைக்குச் சிரித்தார்.

நோயாளி கட்டிலில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வந்தார். அப்படியே தலையணையில் சாய்ந்தார். கண் சொருகியது.

"அசதி" என்றேன் நான்.

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்றார் சம்பந்தி.

கர்ரென்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு, மறுபடியும் கர்ரென்று. நான் பெருமையாகச் சொன்னேன், "பாருங்க, கொறட்டையே வந்துடுச்சு. வலி போனதும் எப்படி ஒரு தூக்கம் பாருங்க. காலையிலேருந்து துடிச்ச ஒடம்புங்க."

அது குறட்டை இல்லை பிள்ளைகளா. இதயம் நின்றுபோன ஆளின் தொண்டையில் கடைசியாக இழுக்கிற மூச்சு. அதற்கு நான் விளக்கவுரை கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த திரையில் நேர்கோடு. ஒயர் கழன்றிருந்ததால் நேர்கோடு என்பது எனக்குத் தெரியும். ஒயர் இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து சிஸ்டரின் குரல் வந்தது. "யாருய்யா கொறட்டை வுடுறது?"

"நம்ம நெடுங்காட்டய்யாதான் சிஸ்டர்..."

நான் முடிக்கவில்லை. சிஸ்டர் திரையைக் கிழிக்காத குறையாக வந்தார். மானிட்டரை அவர் பார்க்கவே இல்லை. "மூஞ்சியப் பாத்தியா? மூஞ்சியப் பாத்தியாய்யா நீ?" அப்போதுதான் பார்த்தேன். ஈயம் மாதிரி இருந்தது. உதடு கறுத்திருந்தது. கழுத்தில் விரலை வைத்த சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே என்னிடம், "ஏறு மேல" என்றார்.

ஏறினேன். நெஞ்சை அமுக்க ஆரம்பித்தேன். அந்த வேலை மட்டும் எனக்கு ஒழுங்காக வரும், யோசிக்க வேண்டியது இல்லை அல்லவா. டாக்டர் ஓடிவந்தார். ஷாக் மெஷினின் தட்டுகளை மார்பில் வைத்ததும் அதன் திரையில் தெரிந்தது, கோழி கிளறின மண் மாதிரி ஒரு கிறுக்கல். இதயம் துடிக்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தது. "கைய எடுங்க எல்லாரும்." ஒரு ஷாக். உடம்பு துள்ளி விழுந்தது. கிறுக்கல் அப்படியே. மறுபடியும் அமுக்கினேன். இரண்டாவது ஷாக். கோடு ஒரு கணம் என்ன செய்வது என்று தெரியாத மாதிரி கிடந்துவிட்டு, ஒன்று குதித்தது. பிறகு இன்னொன்று.

முகத்தில் ரத்தக்களை திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அவர் கேட்டது இதுதான்: "சம்பந்தி சாப்டாரா?"

சம்பந்தி மூலையில், பழப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அவரை வெளியே அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. பாவம், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் ஏதாவது பதில் சொல்லி, சிரிக்கவைத்து, தப்பித்துக்கொள்ளலாம். அவர் திட்டவில்லை. புது ஒட்டுகளை என் கையில் கொடுத்து, "ஒட்டு" என்றார். ஒட்டினேன். ஒயரை மாட்டினேன். பிறகு சொன்னார், "வெளிய அந்தம்மா நிக்குது. போயி நீயே சொல்லு. மொதல்ல நீதானே சொன்ன."

நெஞ்சை அமுக்குவதைவிடக் கஷ்டமான வேலை அது. கதவைத் திறந்தேன். இந்தத் தடவை தலையை மட்டும் நீட்டவில்லை, முழு ஆளாக வெளியே வந்து நின்றேன். உள்ளே ஓட்டமும் சத்தமும் கேட்டதில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். மச்சினன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டிருந்தார், அதுவே பெரிய செய்தி.

அந்தம்மா கேட்டார். "நீங்கதானண்ணே தப்பிச்சாச்சுன்னு சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேம்மா."

"இப்ப?"

"இப்ப உசுரு இருக்கு. நடுவுல நெஞ்சு நின்னுடுச்சு. ஷாக் வச்சுக் கொண்டாந்திருக்காங்க." அவர் முகம் கேட்டது, அதனால் மேலே சொன்னேன். "அடைப்பு எடுத்து ரத்தம் திரும்ப ஓட ஆரம்பிச்சுதுல்ல, அந்த நேரத்துலதாம்மா இப்படி அடிக்குமாம். நான்தான் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சு, சம்பந்திய உள்ள வுட்டு, அவரு எந்திரிச்சு, ஒயரெல்லாம் கழண்டு, நான் கவனிக்காம..."

சிரிக்கவைக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தம்மா அழுவார், இல்லையென்றால் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேலைக்கு வந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி. "காஞ்சு கெடந்த வாய்க்கால்ல தண்ணி வர்ற அன்னிக்கு இவரு சோத்துக்குக்கூட வீட்டுக்கு வர மாட்டாரு. அன்னிக்குதான் கரை பிச்சுக்கும்னு அங்கயே நிப்பாரு, நான் சோத்தைத் தூக்கிட்டுப் போவணும். நீங்க என்னண்ணே இங்க வந்து நின்னு பேசிட்டிருக்கீங்க? உள்ள போங்க."

உள்ளே போனேன்.

கட்டில் பக்கத்தில், சம்பந்திக்குப் போட்ட அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் அனுபவத்தில் முதல் தடவை. முகத்தைப் பார்ப்பேன், கோட்டைப் பார்ப்பேன், மறுபடி முகத்தைப் பார்ப்பேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர் என்னிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார், பாதி வார்த்தையில் நின்றது. கோடு மறுபடியும் கிறுக்கலாக மாறியது. இந்தத் தடவை ஒயர் இருந்தது, கண்ணும் இருந்தது. "சிஸ்டர்" என்று கத்தியதோடு தலையணையை உருவிவிட்டேன். நான் அமுக்க ஆரம்பிப்பதற்குள் டாக்டர் தட்டை வைத்துவிட்டார். ஒரே ஷாக். நோயாளி கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்தே தண்ணீர் கேட்டார். நடுவில் ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது.

முதல் தடவை எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. நான் குறட்டையைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன், கடிகாரம் பார்க்கவில்லை.

பிறகு டாக்டரிடம் கேட்டேன். நோயாளி எழுந்து நின்றதால்தான் அப்படி ஆனதா என்று. அவர், "படுத்திருந்தாலும் வந்திருக்கலாம். ரெண்டாவது தடவை படுத்துக்கிட்டுதானே இருந்தாரு? ஆனா வந்தா அந்த நொடியே நமக்குத் தெரியணும். அதுக்குத்தான் ஒயரு, அதுக்குத்தான் நீங்க" என்றார். ஒயரையும் என்னையும் ஒரே வரிசையில் வைத்துச் சொன்னார். எனக்கு அது அதிகப்படியான பாராட்டாகத்தான் பட்டது. ஒயர் தானாகக் கதவைத் திறந்துவிடாது.

இப்போது நீங்கள் வேலை செய்கிற லட்சணத்தையும் பார்க்கிறேன். உங்களுக்கு மானிட்டர் ஒரு திரை, கையில் இருக்கும் போன் இன்னொரு திரை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்திருக்கிறார் என்பது மூன்றாவது விஷயம். மணி அடித்தால் அமுக்குகிறீர்கள். நானும் அமுக்கியவன்தான், அதனால் உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் திட்டுகிறேன், யோக்கியதை பார்த்தா நான் எதையும் செய்தேன்? ஒயர் கழன்றால் முதலில் ஆளைத் தொடுங்கள், பெயரைக் கேளுங்கள். பட்டன் எங்கேயும் ஓடாது. வலி விட்டுவிட்டது என்று நோயாளி சிரித்தால் அவரோடு சேர்ந்து சிரிக்காதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

ஆள் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தஞ்சாவூரில் பலூன் வைத்து அடைப்பைச் சரிசெய்தார்கள். ஆனால் அடைத்துக் கிடந்தபோது செத்ததும், திறந்தபோது செத்ததும் சேர்த்து, இதயத்தில் ஒரு பக்கம் சோம்பேறியாகவே நின்றுவிட்டது. அதில் எவ்வளவு பெருங்காயத்தின் பங்கு, எவ்வளவு என் பங்கு என்று பிரித்துச் சொல்ல ஒரு மெஷினும் கிடையாது. குத்தகை நிலத்தை விட்டுவிட்டார். தை மாசக் கல்யாணத்தில், மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டே எல்லாரையும் வரவேற்றாராம். எனக்கும் பத்திரிகை வந்தது. போக முகம் இல்லை.

அன்றைக்கு அவரை வண்டி ஏற்றியதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மத்தியானம் மூன்று மணி. சிஸ்டர் கூடவே போவதாக ஏற்பாடு. ஸ்ட்ரெச்சரை நான்தான் தள்ளினேன், ஒரு கையால் தள்ளிக்கொண்டு மறு கையால் அவர் மார்பு ஒயரைப் பிடித்துக்கொண்டு. அந்தம்மாவும் மச்சினனும் இரண்டு பக்கமும். வாசலுக்கு வந்ததும் அவர் கழுத்தைத் திருப்பித் தேடினார்.

"சம்பந்தி எங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். வாசல் தூணுக்குப் பின்னால் கரை வேட்டியின் ஒரு ஓரமும், பழப் பையின் ஒரு மூலையும் தெரிந்தன. அவர் எனக்கு மட்டும் தெரியும்படி கையை ஆட்டினார், சொல்லாதே என்று.

"கெளம்பிட்டாருங்க."

"சொல்லாமயேவா?"

"ஆமாங்க."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "கடை கிடைன்னு அவசரமா இருந்திருக்கும். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்று தன் மனைவியிடம் முணுமுணுத்தார். அந்தம்மா தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போர்வையை அவர் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார். வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினோம். வண்டி கேட்டைத் தாண்டி, சத்தம் போட்டுக்கொண்டு திரும்பியது.

அது கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் சம்பந்தி தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"என்னையப் பாத்தா எந்திரிச்சிடுவாரு" என்றார். பிறகு தயங்கி, "கோவிச்சுக்கிட்டாரா?"

"ஆமாங்க. சொல்லாமப் போயிட்டீங்கன்னு வருத்தப்பட்டாரு."

அவர் பழப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கோவிச்சுக்கட்டும். கோவிச்சுக்கிற அளவுக்குத் தெம்பு இருக்குல்ல" என்றார். "படுத்துக்கிட்டே கோவிச்சுக்கட்டும்."